நீக்கப்பட்ட வினா

அந்தத் தாளை மேசைமேல் வையுங்கள், அம்மா. கையொப்பம் இடுவதா இல்லையா என்பதைப் பிறகு பார்ப்போம். கோயம்புத்தூரிலிருந்து பாளையங்கோட்டைவரை ஒரு கையொப்பத்துக்காக வந்திருக்கிறீர்கள். வந்தவரை வாசலோடு அனுப்புகிற பழக்கம் இந்த வீட்டில் இல்லை. என் மனைவி கோமதி காப்பி கொண்டுவருவாள். அதுவரை நான் சொல்வதைக் கேளுங்கள்.

என்ன எழுதியிருக்கிறீர்கள்? 'பிலோமினா அம்மையார்மீது நான் சாட்டிய குற்றம் பிழையானது எனக் கண்டு, அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.' நன்றாக இருக்கிறது. சுருக்கமான வாக்கியம். இதன்கீழ் நான் ஒப்பமிட்டால் அவர் பெயர் மீண்டும் பட்டியலில் ஏறும், ஒப்பமிடாவிட்டால் ஏறாது. குற்றம் சாட்டியவரே அதைத் திரும்பப் பெறவேண்டும் என்பது சொல்லரங்கின் விதி. அந்த விதியை எழுதியவனும் நானே.

நீங்கள் சென்ற ஆண்டுதான் சொல்லரங்கில் சேர்ந்தீர்கள். இப்போது செயலர் ஆகியிருக்கிறீர்கள். பழைய கதை உங்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் உங்களுக்குச் சரியாகச் சொல்லியிருக்கவும் மாட்டார்கள்.

தொடக்கத்தில் அது நல்ல இடமாக இருந்தது, அம்மா. மொழிபெயர்ப்பவர் ஒருவருக்கு ஒரு சொல் அகப்படவில்லை என்றால் சொல்லரங்கின் இணையக் களத்தில் வினவுவார். அறிந்தவர்கள் விடையளிப்பார்கள். சிறந்த விடை எதுவென்று வினவியவரே தேர்ந்தெடுப்பார். விடை சொன்னவருக்கு நான்கு மதிப்பெண். இளைஞர்கள் 'புள்ளி' என்பார்கள். முப்பத்திரண்டு ஆண்டு தமிழாசிரியனாக இருந்த என் வாயில் மதிப்பெண் என்றுதான் வருகிறது. மதிப்பெண் மிகுந்தவர் பெயர் பட்டியலின் மேலே நிற்கும். வேலை தருகிற நிறுவனங்கள் முதற்பக்கத்தைத் தாண்டிப் பார்ப்பதில்லை. ஆகையால் மதிப்பெண்தான் சோறு.

மதிப்பெண் சோறானவுடன் என்ன நடக்கும்? பள்ளியில் நடந்ததுதான். ஒருவர் மூன்று பெயரில் சேர்ந்திருந்தார். ஒரு பெயரில் வினவுவார். இன்னொரு பெயரில் விடையளிப்பார். மூன்றாவது பெயரில் வந்து, 'அருமை ஐயா, தங்கள் புலமைக்குத் தலைவணங்குகிறேன்' என்று தம்மையே வணங்கிக்கொள்வார். கோமதியிடம் படித்துக் காட்டினேன். "பாவம், வீட்டுல யாரும் பாராட்டலபோல" என்றாள்.

இவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்த ஒரு கண்காணிப்பாளர் வேண்டும் என்றார்கள். நான் கேட்கவில்லை, அவர்களே என்னைத் தேர்ந்தார்கள். பதினான்கு விதிகள் எழுதினேன். மூன்றாம் விதியில் எனக்குத் தனிப் பெருமை. 'விடையைத் தொலைபேசியிலோ தனிமடலிலோ நேரிலோ சொல்லலாகாது, களத்திலேயே எழுதவேண்டும்.' ஏன் அப்படி? ஒருவர் காதில் சொன்ன சொல் அவரோடு போய்விடும்; களத்தில் எழுதிய சொல் எல்லாருக்கும் ஆகும். இன்றைக்கும் சொல்கிறேன், அது நல்ல விதி.

விதி எழுதினால் போதுமா? கண்டுபிடிக்க வேண்டாமா? பள்ளியில் தேர்வறையில் நின்றால் பார்த்தெழுதுகிறவனை அவன் கழுத்தின் சாய்விலேயே அறிந்துகொள்வேன். இங்கே கழுத்து இல்லை, நேரம் இருந்தது. ஒரு நோட்டில் கட்டங்கள் வரைந்தேன். யார் வினவினார், எத்தனை மணிக்கு, யார் விடையளித்தார், எத்தனை நிமிடம் கழித்து, எந்தக் கணினியிலிருந்து. நான்கு மாதம் எழுதினேன். அதில் பலர் அகப்பட்டார்கள். மூன்று பெயர்க்காரர் முதல் வாரத்திலேயே அகப்பட்டார்.

பிறகு தூத்துக்குடி அகப்பட்டது.

அலோசியஸ் என்றொரு பெயர். காலை பத்து மணியை ஒட்டி வினவும். கப்பல், காப்பீடு, விபத்தில் காயம்பட்ட தொழிலாளியின் மருத்துவச் சான்று, இப்படிப்பட்ட சொற்கள். ஐந்து நிமிடத்திலோ பத்து நிமிடத்திலோ பிலோமினா என்ற பெயரில் விடை வரும். இரண்டும் ஒரே கணினி. எண்பத்து நான்கு வினாக்களில் அறுபத்தொன்றுக்குப் பிலோமினாவின் விடையே தேர்வு. எஞ்சிய இருபத்து மூன்றிலும் அந்த அம்மையார் விடையளித்திருந்தார்; ஆனால் அலோசியஸ் பிறரைத் தேர்ந்திருந்தார். அதை நான் எப்படி எடுத்துக்கொண்டேன் தெரியுமா? ஐயம் வராமலிருக்கச் செய்த தந்திரம் என்று நோட்டில் எழுதினேன். பார்த்தெழுதுகிற கெட்டிக்காரப் பையன் ஒரு கணக்கைத் தவறாகவே போட்டுவைப்பானே, அதுபோல.

அந்த அம்மையார் அப்போது பட்டியலில் முதலிடத்தில் இருந்தார். நான் இரண்டாமிடம். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். அவர் பெயரை நீக்கியபின் என் பெயர் மேலே வந்தது. கணினி தானாகச் செய்தது.

என்ன? ஆம், களத்தில் என் மாணவர்கள் ஒன்பது பேர் இருக்கிறார்கள். நான் விடையளித்தால் என் விடையைத்தான் தேர்வார்கள். அது வேறு, அம்மா. அது மரியாதை. படிப்பித்தவருக்குப் பிள்ளைகள் செய்கிற மரியாதையை இதோடு சேர்த்துப் பேசலாகாது. சிரிக்காதீர்கள். காப்பி ஆறுகிறது, குடியுங்கள்.

விளக்கம் கேட்டு மடல் அனுப்பினேன். மூன்று நாள் தவணை. அனுப்பியது வியாழக்கிழமை. அது பெரிய வியாழன் என்பதை நான் நினைக்கவில்லை. மறுநாள் புனித வெள்ளி, ஞாயிறு ஈஸ்டர். அவர்கள் கோயிலே கதியென்று கிடக்கிற நாள்கள். ஞாயிறு மாலையோடு தவணை முடிந்தது. விடுமுறை நாளைக் கழித்து எண்ணவேண்டும் என்று விதியில் இல்லை. திங்கள் காலை அறிவிப்பை வெளியிட்டேன். அது வெளிவந்து ஒரு மணி நேரம் கழித்து அவருடைய மடல் வந்தது. சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது: 'சார், அவன் என் தம்பி. அவன் வேற, நான் வேற. ஒரே வீடு, ஒரே கம்ப்யூட்டர். ஒரு நாள் நேர்ல வந்து பாருங்க, காட்டுறேன்.'

நேரில் பார்த்து முடிவு செய்யும் நடைமுறை நம் விதிகளில் இல்லை என்று பதில் எழுதினேன். இங்கிருந்து தூத்துக்குடிக்குப் பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம்.

அறிவிப்பில் என்ன இருந்தது என்று கேட்கிறீர்களா? நான்கே வரி. முதல் வரி: 'அலோசியஸ் என்பவர் இல்லை.' அடுத்த வரி: 'பிலோமினா என்பவரே அப்பெயரில் வினவி, தமக்குத்தாமே மதிப்பெண் வழங்கிக்கொண்டார்.' தெளிவாக எழுதவேண்டும், ஐயத்துக்கு இடம் வைக்கலாகாது என்பது என் கொள்கை. 'இல்லை என்று கருதுகிறோம்' என்று எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை, அலோசியஸ் பெர்னாந்து என்று முழுப்பெயரோடு ஒருவர் புதிதாகச் சேர்ந்து ஒரு வினா இட்டார். கணினி வேறு, ஊரும் வேறு, ஐந்து மணி நேரத் தொலைவு. ஆனால் நீக்கப்பட்டவர் புதுப்பெயரில் மீண்டும் சேர்வது பதினோராம் விதிப்படி இரண்டாம் குற்றம். வேற்றூர்க் கணினியைத் தேடிப் போயிருக்கிறார்கள், என்ன துணிச்சல் என்று எண்ணினேன். வினாவும் மிக எளியது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். 'விடை தெரிந்தே கேட்ட வினா. மதிப்பெண்ணுக்கான சூழ்ச்சி' என்று குறிப்பெழுதி இருபது நிமிடத்தில் நீக்கினேன். எவரும் பார்ப்பதற்குமுன் நீக்கிவிட்டேன் என்று அன்று எனக்கு மனநிறைவு.

அதன்பின் ஆவணியில் என் மாணவன் ஒருவன் மகளுக்குத் தூத்துக்குடியில் திருமணம். பகல் சாப்பாடு முடிந்து மண்டபத்து வாசலில் நிற்கிறோம். கோமதி கேட்டாள்: "அந்தம்மா வீடு இங்கதான எங்கயோ இருக்கு? எட்டிப் பாத்துட்டுப் போவோமா?"

"எதற்கு?" என்றேன்.

"பெயிலாக்குன பிள்ளைய நேர்ல பாக்கப் பயமாக்கும்?"

முகவரி என்னிடம் இருந்தது. போனோம்.

கடற்கரைக்குப் போகிற சாலையில் ஒரு சந்து. கதவைத் திறந்தவருக்கு அறுபது வயதிருக்கும். முப்பது ஆண்டு மருத்துவமனையில் செவிலியராக வேலை செய்தவர் என்பது நிற்கிற நிலையிலேயே தெரிந்தது. நான் பெயரைச் சொன்னேன்.

"தம்பியப் பாக்கவா சார் வந்திய? ரெண்டு மாசம் பிந்திட்டிய. உள்ள வாங்க. சேர்ல துணி கெடக்கு, எடுத்திருதேன்."

உள்ளே ஒரு கட்டில். அதன் தலைமாட்டில் ஒரு முக்காலிமேல் கணினி. படுத்திருப்பவர் கண்ணுக்கு நேராகத் திரை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. கட்டிலில் விரிப்பு இல்லை. சுவரில் ஒரு படம். சிரித்த முகம், நாற்பத்தைந்து வயதுக்குள் இருக்கும்.

நான் எதையும் கேட்கவில்லை, அம்மா. அவரே சொன்னார். அந்தத் தம்பி துறைமுகத்தில் எழுத்தராக இருந்தவராம். கப்பல் ஏணியிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே எல்லாம் போய்விட்டது. வாயும் மூளையும் மட்டும் பழையபடி. சும்மா கிடக்கமாட்டேன் என்று கப்பல் காப்பீட்டுத் தாள்களை மொழிபெயர்க்கத் தொடங்கினார். அவர் சொல்லச் சொல்ல அக்காள் எழுதுவார். காயம், எலும்பு என்று மருத்துவச் சொல் வந்தால் தம்பிக்குத் தெரியாது, அக்காளுக்குத் தெரியும்.

நான் ஒரே ஒரு வினா கேட்டேன். "பக்கத்தில் படுத்திருப்பவருக்கு வாயால் சொல்லியிருக்கலாமே, அம்மா? களத்தில் ஏன் எழுதினீர்கள்?"

அவர் என்னை வியப்போடு பார்த்தார். "நீங்கதான சார் விதி போட்டிய? நேர்ல சொல்லக்கூடாதுன்னு? அவனும் அதத்தான் கேப்பான். 'ஏ அக்கா, ஒரு மொழம் தள்ளி இருக்க, வாயத் தொறந்து சொல்லித் தொலையேன்'பான். 'சும்மா கெடல, சாரு எழுதிருக்காக, மூணாம் விதி'ன்னு சொல்லிட்டு டைப் பண்ணுவேன். அவன் கேள்விய அவன் பேர்ல போடுவேன். பொறவு என் பேர்ல வந்து பதில் எழுதுவேன். சிரிப்பான். 'ஒலகத்துலயே பக்கத்துக் கட்டிலுக்குத் தபால் போடுதவ நீ ஒருத்திதான்'பான்."

கோமதி அங்கே நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குத்தான் புள்ளி போடணும்னு அவனுக்கு ஒண்ணுமில்ல சார். 'ஒன் பதில் சரியில்ல, அந்த மதுரைக்காரர் சொன்னதுதான் சரி, அக்காங்கறதுக்காகப் போடமுடியாது'ம்பான். ஒரு நாள் முழுக்க அவன்கூடப் பேசல நான்."

அந்த இருபத்து மூன்றுதான், அம்மா.

அறிவிப்பை அக்காள்தான் அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். படித்துவிட்டு அழுதிருக்கிறார். தம்பி அழவில்லையாம். "ஏ அக்கா, நான் இல்லையாமே?" என்றாராம். அன்று முழுதும் அதே வேடிக்கை. கஞ்சி கொண்டுவந்தால், "யாருக்கு? இங்கதான் ஆளே இல்லையே?" சவரம் செய்ய வந்தவரிடம், "இல்லாதவனுக்கு எதுக்குய்யா தாடி வளருது?" மூன்றாம் நாள் வேடிக்கை நின்றது. நான்காம் நாள் சொல்லியிருக்கிறார்: "ஒரே வீட்ல கெடந்தா ஒரே ஆளுன்னுதான் சொல்லுவாவ. நான் வேற ஊருக்குப் போறேன். அங்கன இருந்து ஒரு கேள்வி கேக்கேன். அப்பவாவது நான் ஒருத்தன் இருக்கேன்னு தெரியும்லா. ஒன் பேரும் திரும்பி வந்திரும்."

பட்டியலிலிருந்து பெயர் போனதும் அந்த அம்மையாருக்கு வேலை வருவது நின்றுவிட்டது. ஒரு சிறு மருத்துவமனையில் மீண்டும் சேர்ந்தார். பகலில் தம்பியைப் பார்க்க ஆளில்லை. வேற்றூருக்குப் போவேன் என்று அவரும் பிடிவாதமாக இருந்தார். வெளியூரில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற ஓர் இல்லத்தில் ஒரு மாதத்துக்கென்று கொண்டுபோய் விட்டார்கள். நல்லவர்கள்தானாம், ஆனால் நாற்பது படுக்கைக்கு இரண்டே பேர்.

"போன்ல கேட்டா 'சூப்பரா இருக்கேன்க்கா'ம்பான். லீவு கேட்டேன், தரல. மாசக் கடைசியில வாரேன்னு சொல்லியிருந்தேன். இருபத்தாறாம் நாள் காய்ச்சல்னு போன் வந்துது. போறதுக்குள்ள முடிஞ்சிட்டு. இடுப்புல புண்ணு, சீழ் வச்சு ரத்தத்துல கலந்துட்டுன்னாவ. மூணு வருஷம் சார். ரெண்டு மணிக்கொருக்க திருப்பித் திருப்பிப் படுக்கவச்சேன். ஒரு கொப்புளம் வரவிட்டதில்ல."

இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. ஒரு செவிலியர் அறிக்கை கொடுப்பதுபோலச் சொன்னார். பிறகு கேட்டார்:

"அங்கவுள்ள சிஸ்டர் சொன்னாவ, ஒரு வியாழக்கிழம ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஒரு கேள்வி போடச் சொன்னானாம். அக்கா பாப்பா, பதில் எழுதமுடியாட்டாலும் பாப்பான்னானாம். நானும் தெனம் பாத்தேன் சார். நீக்குனவங்க எழுதத்தான முடியாது, படிக்கலாம்லா? வரவேயில்ல. ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. என்ன சார் கேட்டான்?"

"நினைவில்லை, அம்மா" என்றேன்.

வாழ்நாளில் பிள்ளைகளிடம் பொய் சொன்னதில்லை. பெற்றோரிடமும் சொன்னதில்லை, 'உங்கள் மகன் படிப்பில் தேறமாட்டான்' என்று முகத்துக்கு நேரே சொன்னவன் நான்.

உங்களுக்குச் சொல்கிறேன். அந்த வினா இதுதான்: 'ஒரே பக்கமாகப் படுத்திருப்பவருக்கு இடுப்பில் வருகிற புண்ணைத் தமிழில் என்னவென்பது? எலும்பு தெரிகிற அளவுக்கு ஆழமாகிவிட்டால் அதற்குத் தனிப்பெயர் உண்டா?'

படுக்கைப்புண். யாருக்குத்தான் தெரியாது? மூன்றாண்டு படுத்தே கிடந்தவருக்கு, செவிலியரின் தம்பிக்கு, அது தெரியாமலா இருக்கும்? அதனால்தான் சூழ்ச்சி என்று எழுதினேன். என் வாதத்தில் பிழையில்லை, அம்மா. அவருக்கு அந்தச் சொல் தெரிந்தேதான் இருந்தது. தெரிந்தேதான் கேட்டார். தொலைபேசியில் சொன்னால் அக்காள் அன்றே வந்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். பிறகு இரண்டு பேர் என்று எப்படிக் காட்டுவது? சொல்லாமலும் இருக்க முடியவில்லை. களத்தில் வினவினார். நான் நீக்கியபின் பதினான்கு நாள் உயிரோடு இருந்தார். அந்த வினா ஒரு பகல் களத்தில் கிடந்திருந்தால் அந்த அம்மையார் அன்று மாலையே பேருந்து ஏறியிருப்பார்.

வேலைக்காகவே கேட்டிருக்கலாம் என்றும் சில நாள் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். காப்பீட்டுத் தாளில் அந்தச் சொல் வந்திருக்கலாம். வரக்கூடாது என்று இல்லையே.

இப்போது உங்கள் தாளுக்கு வருகிறேன். இரண்டாம் பத்தியைப் படியுங்கள். 'அலோசியஸ், அலோசியஸ் பெர்னாந்து என்ற இரு பெயர்களிலும் இடப்பட்டு நீக்கப்பட்ட வினாக்கள் அனைத்தும் நாள், நேரத்தோடு மீண்டும் களத்தில் இடம்பெறும்.' அனைத்தும் என்றால் கடைசி வினாவும்தானே? நீக்கியவர் பெயரோடும், நான் எழுதிய குறிப்போடும்? அதை மட்டும் விட்டுவிட முடியாதா?

முடியாதா.

ஆம். மறைத்தால் முறைகேடு. நான் உங்கள் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

அதனால்தான் தயங்குகிறேன். நான் இரண்டாமிடத்துக்கு இறங்கிவிடுவேன் என்பதற்காக என்று எண்ணிவிடாதீர்கள். ஒப்பமிட்டால் அவருக்குப் பெயர் திரும்பக் கிடைக்கும். அன்றைக்கே அந்த வினாவையும் அவர் படிப்பார். ஒப்பமிடாவிட்டால் பொய்யர் என்ற பெயரோடு இருப்பார். ஆனால் அதைப் படிக்காமல் இருப்பார். ஒரு தாயைப்போல மூன்றாண்டு பார்த்தவர், அம்மா. அந்த வினாவைப் படித்துவிட்டு எப்படித் தூங்குவார்? அவருடைய நன்மைக்காகத்தான் யோசிக்கிறேன். நாளைக்கு வந்தீர்களானால்—

கேட்டதா? கோமதி உள்ளேயிருந்து சொல்கிறாள்.

"அந்தம்மா முப்பது வருஷம் புண்ணுக்கு மருந்து போட்டவ. அவளுக்கு ஒண்ணும் பயமில்ல. பயம் யாருக்குன்னு எனக்குத் தெரியும்."

தூத்துக்குடியிலிருந்து திரும்பிய நாளிலிருந்து இதைப் பற்றி அவள் ஒரு சொல் பேசியதில்லை. இன்றுதான் பேசுகிறாள்.

எழுதுகோல் கொடுங்கள். இங்கேதானே? முழுப்பெயரும் எழுதுகிறேன். நாளும் இடுகிறேன்.

சற்றுப் பொறுங்கள், இன்னும் எடுத்துக்கொள்ளாதீர்கள். இதை நீங்கள் களத்தில் ஏற்றுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? பேருந்திலிருந்தே ஏற்றிவிடுவீர்களா? அப்படியானால் அதற்குமுன் ஒன்று செய்யவேண்டும். அவர் அதைத் திரையில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. உங்கள் கைப்பேசியில் அவர் எண் இருக்குமே. போடுங்கள். போட்டு என்னிடம் கொடுங்கள்.

மணி அடிக்கிறது.

வணக்கம், அம்மா. பாளையங்கோட்டையிலிருந்து அம்பலவாணன் பேசுகிறேன். ஆம், அதே அம்பலவாணன்தான். நலந்தான். உட்கார்ந்திருக்கிறீர்களா? உட்காருங்கள், அம்மா. உங்கள் தம்பி கடைசியாக என்ன கேட்டார் என்று அன்றைக்கு என்னிடம் கேட்டீர்களே.

இல்லை, அம்மா. இப்போது நினைவுக்கு வந்ததன்று. அன்றைக்கே நினைவிருந்தது.